மதகு திறப்பவரின் பெயர்

எங்கள் ஊர்ப் பக்கம் கேமரா வருவது புதிதில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரைக் கேட்டாலும் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வழி சொல்வார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் அந்தக் கோயில் சுவரில்தான் இருக்கின்றன. ஒன்று கி.பி. 919, இன்னொன்று 921. வருஷா வருஷம் கல்லூரி மாணவர்கள் வருவார்கள், யூடியூப்காரர்கள் வருவார்கள், தேர்தல் வந்தால் டிவிக்காரர்கள் வருவார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டட அடிக்கல் விழாவில் பிரதமர் உத்திரமேரூரின் பெயரைச் சொன்னார். அதன்பிறகு கேட்கவே வேண்டாம். வருகிறவர்கள் எல்லோரும் எடுப்பது ஒரே ஷாட். சுவரின் இடது மூலையில் தொடங்கி எழுத்துகள் மேல் மெதுவாக கேமரா நகரும். பின்னணியில் கம்பீரமான ஒரு குரல், உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்த ஊர் இது என்று பேசும்.

நான் அந்த ஊரை ஒட்டிய ஒரு கிராமத்தின் காலனியில் பிறந்தவள். செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில் என்று சென்னைக்குப் போய் ஒரு கல்லூரியில் விஸ்காம் படிக்கிறேன். எங்கள் தெருவில் இந்தப் படிப்புக்குப் போன முதல் ஆள் நான். ஆவணப்படம் ஒன்று எடுத்துவரச் சொல்லி வகுப்பில் வேலை கொடுத்தபோது, "உனக்கென்ன, உங்க ஊர்லயே கல்வெட்டு இருக்கு" என்றார்கள். எனக்கு அந்தச் சுவரை எடுக்க மனசில்லை. அந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்திருந்ததுதான் காரணம்.

ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடும்பு வாரியாகத் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலைகளில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, குடும்புக்கு ஒருவர் என்று சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறது கல்வெட்டு. அப்படித் தேர்வான 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவர் சொந்தக்காரர்களும் நிற்க முடியாது. இன்றைக்கும் வேண்டிய விதி அது. ஆனால் நிற்கிறவருக்குக் கால் வேலிக்குமேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். வயது முதல் கல்வெட்டின்படி 30-லிருந்து 60, இரண்டாவதன்படி 35-லிருந்து 70. அது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். ஏரி வாரியத்துக்கு யார் வரலாம் என்று விரிவாகப் பேசும் அந்த இரண்டு கல்வெட்டுகளிலும், ராத்திரி மழையில் ஏரிக்கரை மேல் நடந்து மதகைத் திறந்து மூடும் ஆளைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த ஆள் எங்கள் தெருக்காரர். அவருடைய வேலைக்குப் பெயர் நீர்க்கட்டி.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதியை ஏரி மாவட்டம் என்று சொல்வது வழக்கம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 40,000 ஏரி, குளங்கள் இருக்கின்றன. உத்திரமேரூரிலேயே பல்லவர் காலத்து வயிரமேகத் தடாகம் இருக்கிறது. நூறு ஏக்கருக்கு மேல் பாயும் ஏரி நீர்வளத் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று காகிதத்தில் பிரித்திருக்கிறார்கள். களத்தில் தண்ணீரைக் காத்துவந்தவர்கள் நீர்க்கட்டிகள். பல ஊர்களில் அவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள், தந்தைக்குப் பிறகு மகன் என்று பரம்பரையாகச் செய்துவந்தவர்கள். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், கடைமடைக்கு எத்தனை நாள் விட வேண்டும், கரையில் நண்டு வளை எங்கே விழுந்திருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள் இருக்கும் கணக்கு. கூலி அறுவடையன்று களத்தில் நெல்லாகக் கிடைக்கும். ஆழ்குழாய் மோட்டார்கள் பெருகிய பிறகு அந்த நெல் குறைந்தது. பிறகு பல ஊர்களில் நீர்க்கட்டியே இல்லாமல் போனார்.

எங்கள் ஊர் நீர்க்கட்டியை நான் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன். இந்தக் கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன். ஊர்த்தெருவில் ஐந்தாம் வகுப்புப் பையன்கூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். படத்தில் அவர் பெயரை எப்படிப் போடுவது என்பதை எடுக்க ஆரம்பிக்கும் முன்பே முடிவு செய்துவிட்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

குறும்படம் என்றால் என்ன என்று எங்கள் அத்தை கேட்டார். சின்னதாக ஒரு சினிமா என்று சொன்னால் அது பாதிதான் சரி. சத்யஜித் ரே 1964-ல் 'டூ' என்று ஒரு படம் எடுத்தார். வசனமே கிடையாது. பங்களாவுக்குள் ஒரு பணக்காரப் பையன், ஜன்னலுக்கு வெளியே குடிசைப் பையன், இருவருக்கும் விளையாட்டுச் சாமான்களால் ஒரு போட்டி. கால் மணி நேரம்கூட ஓடாது. ஈரானில் கியரோஸ்தமி 1970-ல் எடுத்த முதல் படம் 'ரொட்டியும் சந்தும்'. ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற சிறுவனை வழியில் ஒரு நாய் மறிக்கிறது. மொத்தக் கதையும் அவ்வளவுதான். ஒரு சின்ன விஷயத்தை விடாமல் உற்றுப் பார்த்தால் அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை இந்த இரண்டு படங்களில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

நம் ஊரில் குறும்படம் என்ற சொல் வீட்டுக்கு வீடு தெரிந்தது கலைஞர் தொலைக்காட்சியில் வந்த 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியால். கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் எல்லாம் அதில் குறும்படம் போட்டு வெளியே தெரிந்தவர்கள். 'காதலில் சொதப்புவது எப்படி', 'முண்டாசுப்பட்டி' இரண்டும் முதலில் குறும்படங்கள், பிறகு திரைக்கு வந்தவை. பெரிய இயக்குநரிடம் பல வருஷம் உதவியாளராக இருந்தால்தான் படம் கிடைக்கும் என்றிருந்த நிலை அதனால் மாறியது. அது எனக்குப் பெரிய நன்மையாகத்தான் படுகிறது. கூடவே ஒரு பழக்கமும் வந்தது. கடைசி நிமிஷத்தில் ஒரு திருப்பம் வைத்தால்தான் குறும்படம் என்று எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நம்புகிறார்கள். செத்துப்போனவர்தான் கதை சொல்கிறார் என்றோ, நடந்தது எல்லாம் கனவு என்றோ முடிப்பார்கள். நீர்க்கட்டியின் வாழ்க்கையில் அப்படித் திருப்பம் எதுவும் இல்லை. ஐப்பசியில் மழை வரும், ஏரி நிரம்பும், தையில் அறுப்பார்கள். அதையே படமாக எடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கேமரா வாடகைக்கு அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கொடுத்தார். எங்கள் ஏரியின் வரத்துக் கால்வாயில் நூறு நாள் வேலைக்கு மண் வெட்டியவர் அம்மா. அதனால் படம் எதைப் பற்றி என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது எந்த கேமரா என்றுதான். நானும் சில வார்த்தை சொல்லிவிடுகிறேன். பிலிம் காலத்தில் 16 எம்எம் சுருள் 400 அடி வாங்கினால் 11 நிமிஷம் ஓடும், அதோடு காலி. அதை லேபுக்கு அனுப்பி, கழுவி, பிரிண்ட் போட்டால்தான் எடுத்ததைப் பார்க்க முடியும். இன்றைக்கு 64 ஜிபி மெமரி கார்டில் நல்ல தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கலாம், அங்கேயே போட்டுப் பார்க்கலாம். கையில் இருக்கும் போனே போதும். அதனால் படம், வெளிச்சம் இதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது, சத்தத்தில். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள்.

கிராமம் அமைதியானது என்று பட்டணத்தில் நினைக்கிறார்கள். மைக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள், தெரியும். தாத்தா வீட்டுத் திண்ணையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்துக் கொல்லை மோட்டார், சாலையில் ஜல்லி லாரி, தெருமுனையில் மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர், ஒரு டிராக்டர், ஆறேழு மயில்கள். மயில் அகவினால் எந்த வசனமும் நிற்காது. ஆனால் காலை ஐந்தரைக்குக் கரைமேல் போனால் வேறு உலகம். வேடந்தாங்கல் எங்களுக்குத் தூரமில்லை. பறவைகள் வரும் பருவத்தில் நத்தைகுத்தி நாரைகள் எங்கள் வயல்களுக்கும் வரும். நாரை இறக்கை அடிப்பது, மதகுக்குக் கீழே தண்ணீர் சுழல்வது, தாத்தாவின் கால் சேற்றிலிருந்து பிடுங்கப்படுவது, எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். பேட்டி எடுத்தால் அந்த நேரத்தில்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அடுத்த கேள்வி, மைக்கை எங்கே மாட்டுவது? காலர் மைக் என்பது சட்டைக் காலரில் குத்துவதற்காகச் செய்தது. தாத்தா சட்டை போடுகிறவர் இல்லை. இடுப்பில் வேட்டி, தலையில் துண்டு. வெறும் மார்பில் டேப் ஒட்டிப் பார்த்தால் வியர்வையில் பிடிக்காது. படம் எடுப்பதற்காக அவரைச் சட்டை போடச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. சீரியல்களுக்கு ஒலிப்பதிவு செய்யும் ஒரு அண்ணனிடம் போனில் கேட்டேன். நாடகங்களில் நெற்றியில், முடிக்கு அடியில் மைக்கை ஒளித்துவைப்பார்கள் என்றார். அப்படியே துண்டை முண்டாசாகக் கட்டச் சொல்லி, முன்மடிப்புக்குள் மைக்கை வைத்து, ஒயரைப் பிடரி வழியாக முதுகுக்கு இறக்கி, ரெக்கார்டரை இடுப்பு மடியில் செருகிவிட்டோம். குரல் அவ்வளவு தெளிவாக வந்தது. தலை திரும்பினால் மைக்கும் கூடவே திரும்புவதால் ஒரு வார்த்தை விடுபடவில்லை. மடிப்புத் துணி காற்றையும் தடுத்தது. முண்டாசு கட்டிய எந்தப் பெரியவரைப் பேட்டி எடுத்தாலும் இந்த வழியை நான் சிபாரிசு செய்வேன்.

அவர் பேசியதில் பாதி அவருடைய அப்பாவைப் பற்றி. இப்போது மதகில் இரும்பு ஷட்டர் இருக்கிறது, கைப்பிடியைச் சுற்றினால் ஏறும். அந்தக் காலத்தில் தண்ணீருக்குள் நிற்கும் கல் தூண்களுக்கு இடையில் தூம்பு. அதன் துளையை அடைத்திருக்கும் கட்டையை மூழ்கிப் போய்த்தான் தூக்க வேண்டும். ஏரி நிரம்பியிருக்கும்போது கீழே இழுவை பலமாக இருக்கும். கையோ காலோ துளைக்குள் போனால் ஆள் மேலே வரமாட்டார். "எங்கப்பா முங்குனா, நான் கரைமேல நின்னு ஒண்ணு ரெண்டு எண்ணுவேன். நூறுக்குள்ள தலை தெரியலைன்னா ஊரைக் கூப்புடணும்னு சொல்லியிருந்தாரு" என்றார் தாத்தா. அதைச் சொல்லிவிட்டு அவர் ஏரியைப் பார்த்தார். கேமராவை அசைக்காமல் அப்படியே ஓடவிட்டேன். படத்தில் அந்த இடத்தில் ஒரு வெட்டுகூட இல்லை.

இன்னொரு நாள் மதகு திறப்பதை எடுத்துக்கொண்டிருந்தோம். அவர் ஷட்டரைச் சுற்றும்போது நான் பின்னாலிருந்து எடுத்தேன். முகத்தை எடுப்பதற்காக, "தாத்தா, மூடிட்டு இன்னொரு வாட்டி தொறங்களேன்" என்று என்னோடு வந்த தோழி கேட்டாள். அவர் கைப்பிடியை விடவே இல்லை.

"இன்னா கண்ணு, தண்ணி இன்னா பைப்புலயா வருது? தொறந்தா பயிருக்குத் தொறக்கணும். படத்துக்குத் தொறக்கக் கூடாது."

ஆவணப்படக்காரர்கள் நூறு வருஷமாகத் தங்களுக்குள் சண்டை போடுகிற விஷயத்தைத் தாத்தா இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ராபர்ட் பிளாஹர்ட்டி 1922-ல் எடுத்த 'நானூக் ஆஃப் த நார்த்' படத்தைத்தான் ஆவணப்படங்களின் தொடக்கம் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். கனடாவின் பனிப்பிரதேசத்தில் வாழும் இனுயிட் மக்களைப் பற்றியது. பனிக்கட்டி வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை என்று, ஒரு பக்கச் சுவரே இல்லாத வீட்டைக் கட்டவைத்து, அந்தக் குளிரில் அந்தக் குடும்பத்தைத் தூங்கி எழுவதுபோல் நடிக்கவைத்து எடுத்தார் பிளாஹர்ட்டி. அது அழகான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் மதகை மறுபடி மூடித் திறந்தால் அன்றைக்கு யாரோ ஒருவர் வயலுக்குத் தண்ணீர் முன்பின் ஆகும், பேச்சு தாத்தா தலையில் விழும். படம் எடுக்கிறவள் சென்னைக்கு ரயில் ஏறிவிடுவாள். அவர் அங்கேதான் இருந்தாக வேண்டும். மறுபடி தண்ணீர் விடும் முறை வந்தபோது, முகம் தெரியும் இடத்தில் முன்கூட்டியே நின்று எடுத்தேன்.

ஆடி மாதம் எங்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி, ராத்திரி கட்டைக்கூத்து வைத்தார்கள். தாத்தா கூத்து என்றால் விடியவிடிய உட்கார்ந்து பார்ப்பவர். அவர் பார்ப்பதை எடுக்கப் போய், கூத்தையும் எடுத்தேன்.

எங்கள் மாவட்டத்துக் கூத்தை உலகம் அறிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சை அரசந்தாங்கலில் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் வளர்த்த கட்டைக்கூத்துச் சங்கம். 1990-ல் தொடங்கியது. 2002 முதல் 2020 வரை அங்கே குருகுலம் நடந்தது. பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றுக்கொடுத்தார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்தில் பெண்பிள்ளைகளும் சலங்கை கட்டினார்கள். நள்ளிரவில் கேமராவோடு நான் நிற்பதை ஒருவர் விசாரித்தபோது, அந்தக் குருகுலத்துப் பெண்களின் கூத்தைப் பார்த்திருந்த எங்கள் மாமாவே பதில் சொல்லி அனுப்பினார். அம்மாவும் விடியும் வரைக்கும் பாயில் உட்கார்ந்து எனக்குத் துணையிருந்தார்.

கூத்தை எடுப்பதில் மூன்று சிக்கல். முதலாவது, வெளிச்சம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் லைட் நொடிக்கு நூறு தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு நொடியில் வைத்தால் அந்த மினுக்கல் அடங்கும். மலிவான எல்இடி விளக்குகள் அதற்கும் அடங்காது. அவற்றின் கீழ் வேடக்காரர் முகத்துச் சிவப்பு வெளுத்தும் போகும். பந்தல்காரரிடம் கேட்டு, களரிக்கு நேர் மேலே மட்டும் பழைய மஞ்சள் போகஸ் லைட் போடவைத்தோம். கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் பதித்த கண்ணாடிச் சில்லுகள் அந்த வெளிச்சத்தில்தான் உயிர் பெறும்.

இரண்டாவது, நேரம். என் வாடகை கேமரா சரியாக 29 நிமிஷம் 59 நொடியில் நின்றுவிடும். ஏன் என்று தேடிப் படித்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்கிற கருவியை வீடியோ கேமரா என்று வகைப்படுத்திக் கூடுதல் வரி போட்டது ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதி. அந்த வரிக்காகக் கம்பெனிகள் உலகத்துக்கே அப்படிச் செய்து விற்றன. எங்கோ போட்ட வரி, எங்கள் தெருவில் கர்ணன் சபைக்கு வரும் நேரத்தில் பதிவை நிறுத்துகிறது. அதனால் ராத்திரி முழுக்க போனில் அலாரம் வைத்து, கட்டியங்காரன் பேசுகிற இடங்களில் நானே நிறுத்தி மறுபடி தொடங்கினேன்.

மூன்றாவது, மறுபடியும் சத்தம். கூத்துக் களரியில் மைக் மேலேயிருந்து தொங்கும். முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் பின்பாட்டும் எல்லாம் அதற்குள் போய் ஹாரன் ஸ்பீக்கரில் வெளியே வரும். கூட்டத்திலிருந்து பதிவு செய்தால் இரைச்சல்தான் மிஞ்சும். எங்கள் மைக்செட் அண்ணனிடம் ஆம்ப்ளிபையரில் வெளியே எடுக்கும் இணைப்பு இருக்கிறதா என்று கேட்டேன். டார்ச் அடித்துப் பின்பக்கம் காட்டினார். தூசுக்குள் ஒரு ஓட்டை. அவரே ஒரு பழைய ஒயரை வெட்டி, தோல் உரித்து, முனை சேர்த்துக் கொடுத்தார். அந்த ஒயர் வழியாக என் ரெக்கார்டருக்குள் கூத்து வந்த நிமிஷத்தை என்னால் மறக்க முடியாது. ஹெட்போனில் முகவீணை காதுக்குள்ளேயே ஊதியது. எந்தத் திரைப்படக் கல்லூரியிலும் படிக்காத அந்த அண்ணன், ஒலிப்பதிவாளர் என்று படத்தின் இறுதியில் பெயர் பெற்றிருக்கிறார்.

தமிழ் சினிமா பெரும்பாலும் டப்பிங்கில் வளர்ந்தது. படப்பிடிப்பில் யார் என்ன கத்தினாலும் பிறகு ஸ்டுடியோவில் குரல் சேர்த்துக்கொள்ளலாம். இந்தியில் 'லகான்', தமிழில் கமல்ஹாசனின் 'விருமாண்டி' போன்றவை களத்திலேயே ஒலியைப் பதிவு செய்தவை. பெரிய படங்களுக்கு அது ஒரு தேர்வு. ஆவணப்படத்தில் வேறு வழியே கிடையாது. தாத்தாவை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் அதே நடுக்கத்தோடு மறுபடி பேசவைக்க யாராலும் முடியாது.

கூத்தைப் பற்றி மாணவர்கள் படம் எடுக்க நினைத்தால், தரமணி திரைப்படக் கல்லூரியில் படித்த முரளி மனோகர் எடுத்த 'கர்ண மோட்சம்' குறும்படத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எழுதியவர் எஸ். ராமகிருஷ்ணன். பள்ளிக்கூடம் ஒன்றில் ஆடுவதற்காகச் சென்னைக்கு வரும் கூத்துக்காரர், நிகழ்ச்சி ரத்தாகி நிற்கிறார். தெருவில் சந்திக்கும் ஒரு சிறுமிக்குக் கூத்தைக் கற்றுத்தருகிறார். 1945-ல் தொடங்கிய கல்லூரி அது. அங்கே படித்த ஒரு மாணவர் ஒரு நாடோடிக் கலைஞரின் மரியாதையைத் தன் படிப்பின் பகுதியாகவே நினைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெம்பு தந்தது.

எடிட்டிங் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கற்றுக்கொள்ள யூடியூப் போதும். எதை வெட்டுவது என்பதைத்தான் எந்த மென்பொருளும் சொல்லித்தராது. எடிட்டர் பி. லெனின் எத்தனையோ பெரிய படங்களை வெட்டித் தொகுத்தவர். அவரே 1992-ல் 'நாக் அவுட்' என்ற குறும்படத்தை இயக்கித் தேசிய விருது வாங்கினார். நீளப் படங்களில் ஊறிய ஒருவர் சொந்தமாகச் சொல்ல வந்தபோது குறும்படத்தைத் தேர்ந்தெடுத்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். என் படம் 14 நிமிஷத்தில் நின்றது. கூத்துக் காட்சிகள் அதில் ஒன்றரை நிமிஷம்தான். மீதிக் கூத்துப் பதிவு முழுவதையும் அந்தக் கூத்து ஜமாவுக்கு ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டேன், அது அவர்களுடையது.

பெயர் அட்டை விஷயம். பொதுவாகப் படம் தொடங்கும்போது இயக்குநர் பெயர் வரும், பேட்டி கொடுத்தவர் பெயர் அவர் பேசும்போது கீழே சின்ன எழுத்தில் வரும். என் படத்தில் முதல் அட்டை முழுவதும் தாத்தாவின் பெயர். அவர் அப்பா பெயர், தாத்தா பெயரோடு சேர்த்து, பின்னால் 'அவர்கள்' என்று போட்டு, கீழே 'ஏரி நீர்க்கட்டி, மூன்றாம் தலைமுறை' என்று எழுதினேன். வகுப்பில் காட்டியபோது இது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். நான் எடுக்கவில்லை. பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' போடுவது எங்கள் ஊரில் எல்லோருக்கும் கிடைத்த மரியாதை இல்லை என்று விளக்கினேன்.

படம் முடிந்ததும் போட்டிக்கு அனுப்புவதுதான் வழக்கம். எனக்கு முதலில் ஊரில் காட்ட வேண்டும். 1905-ல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் டூபாண்டிடம் புரொஜக்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டினார். தென்னிந்தியக் கிராமங்களுக்கு சினிமா அப்படித்தான் வந்தது. பிறகு டூரிங் டாக்கீஸ் காலம். மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்து பார்த்த கதையை எங்கள் அத்தை இன்றும் சொல்வார். அதே முறைதான் நாங்களும். மைக்செட் அண்ணனின் ஸ்பீக்கர், கல்யாண மண்டபத்திலிருந்து வாடகைக்கு ஒரு புரொஜக்டர், இரண்டு வெள்ளை வேட்டிகளை இணைத்துத் தைத்த திரை.

எங்கே கட்டுவது என்பதுதான் பெரிய பேச்சாக இருந்தது. கோயில் திடலில் போட்டால் எங்கள் தெருப் பெரியவர்கள் தள்ளித்தான் உட்கார்வார்கள். எங்கள் தெருவில் போட்டால் ஊர்க்காரர்கள் வரமாட்டார்கள். ஏரிக்கரைக்குக் கீழே, அறுத்த வயல் ஒன்றில் போடலாம் என்று தாத்தாதான் சொன்னார். ஏரி எல்லோருக்கும் பொது. அந்த வயல்காரரும் ஒத்துக்கொண்டார்.

இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தார்கள். தாத்தா மதகு திறக்கும் காட்சி ஓடும்போது ஒரு விவசாயி எழுந்து, அந்த வருஷம் கடைமடைக்கு முறை தவறித் தண்ணீர் விட்டதாகச் சொன்னார். இன்னொருவர் மறுத்தார். படத்தை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். தாத்தா எழுந்து எந்த நாளில் எந்த மதகு, எத்தனை விரற்கடை திறந்தார் என்று வரிசையாகச் சொன்னார். குறுக்கே யாரும் பேசவில்லை. கணக்கு சரியாக இருந்தது. பிறகு, "போடும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒரு ஏரியின் கணக்கை அதைக் காப்பவரே ஊர் முன்னால் நின்று சொல்லி, ஊர் உட்கார்ந்து கேட்டதை எங்கள் வயதில் நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

படிக்கிறவர்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் ஊருக்கு மாணவர்கள் படம் எடுக்க வந்தால் விரட்டாதீர்கள். படம் முடிந்ததும் உங்கள் ஊரிலேயே போட்டுக் காட்ட வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளித் தலைமையாசிரியர்கள் வகுப்பறைப் புரொஜக்டரை ஒரு மாலைப் பொழுதுக்குக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

இரண்டாவது, உங்கள் ஊர் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர் இன்னும் உயிரோடு இருந்தால் இந்த மழைக்காலத்துக்குள் அவரைப் போய்ப் பாருங்கள். போன் போதும். அழைப்பு வராதபடி அதை விமான நிலைக்கு மாற்றுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், காற்று அவர் முதுகுப் பக்கம் வரும்படி உட்காரவையுங்கள், போனை அவர் நெஞ்சுக்கு ஒரு முழத்துக்குள் வையுங்கள். முதலில் அவருடைய முழுப்பெயரையும் அவர் அப்பா பெயரையும் சொல்லச் சொல்லுங்கள். பிறகு மதகுகளின் பெயர்களைக் கேளுங்கள்.